ஊருக்கு வரும் ஊர்திக்கு மின் இணைப்பு: கோளாறு கண்டறியும் முறை

மக்கள் தம்மை நாடி வரட்டும் என்று இலாகாக்கள் காத்திருந்த காலம் மாறி, இலாகாக்களே மக்களை நாடிச் செல்லும் காலம் வந்துள்ளது. நடமாடும் மருத்துவக் குழுவின் ஊர்தி, காசநோயைக் கண்டறிய மார்புப் படம் எடுக்கும் எக்ஸ்ரே ஊர்தி, கால்நடை மருத்துவ ஊர்தி, நடமாடும் மண் பரிசோதனை நிலையம் முதலியவை ஊர் ஊராகச் சென்று பணியாற்றி வருவதை யாவரும் அறிவர். இவற்றுள் பெரியவை, சக்கரங்களின்மேல் அமைந்த சிறு கட்டடங்கள் என்றே சொல்லத் தகும். விளக்கு, விசிறி, குளிர்பதனப் பெட்டி, பரிசோதனைக் கருவிகள், சிலவற்றில் ஏ.சி. இயந்திரம் ஆகியவை உள்ளே உண்டு. ஊர்தி நிற்கும் இடத்தில் இவை இயங்க மின்சாரம் வேண்டும். பஞ்சாயத்து அலுவலகம், பள்ளிக்கூடம் அல்லது சமுதாயக் கூடத்திலிருந்து ஒரு நீண்ட கேபிள் மூலம் அது அளிக்கப்படுகிறது.

முகாமுக்குப் பந்தல், நாற்காலி, குடிநீர் ஆகியவற்றை ஏற்பாடு செய்யும் நாம், இந்தக் கேபிளைப் பற்றி மட்டும் எண்ணிப் பார்ப்பதில்லை. விளக்கு எரிந்தால் இணைப்பு சரியாக இருப்பதாகக் கொள்கிறோம். இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதையும், கோளாறு நேர்ந்தால் அதை எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதையும் இக்கட்டுரையில் பார்ப்போம்.

ஒரு முகாமில் கண்டது

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில், நமது ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் மருத்துவ முகாம் நடைபெற்றது. முதல் நாள் இரவு பெய்த மழையால் தரை சேறாகிக் கிடந்தது. வெறுங்காலுடன் வந்த மூதாட்டி ஒருவர் ஊர்தியின் படியில் ஏறுவதற்காகக் கைப்பிடிக் கம்பியைப் பற்றியவுடன், சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "கை விறுவிறுங்குதே தம்பி" என்றார். அருகில் நின்ற ஊர்தி ஊழியர், "மழை ஈரம், பாட்டி. ஒன்றும் செய்யாது, ஏறுங்கள்" என்றார்.

அவ்விடத்தில் நின்ற வார்டு அங்கத்தினர் ஒரு விவசாயி. மின்கம்பத்தின் இழுவைக் கம்பியில் உரசிய கறவைப் பசு ஒன்றை மழைக்காலத்தில் பறிகொடுத்தவர். "பாட்டி, தள்ளி நில்லுங்கள். முதலில் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள்" என்று அவர் உரத்துக் கூறினார். மின்சாரம் நிறுத்தப்பட்டது. வேலை கெடுகிறதே என்று சிலர் முணுமுணுத்தனர். ஒன்றரை மணி நேரம் கழித்து மின்கம்பியாளர் வந்து சோதித்தபோது இரண்டு குறைகள் வெளிப்பட்டன. ஊர்தியினுள் குளிர்பதனப் பெட்டியின் பின்புறமுள்ள இணைப்பில் மழைநீர் கசிந்து ஈரமாகியிருந்தது. அதன் வழியே மின்சாரம் ஊர்தியின் உடலுக்குச் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கசிவைத் தரைக்குக் கொண்டுசெல்ல வேண்டிய எர்த் கம்பியோ, கட்டடத்துச் சாக்கெட்டில் இணைக்கப்படவே இல்லை. சாக்கெட்டின் முகத்தில் மூன்று துளைகள் இருந்தன. மேல் துளையின் பின்னால் வெறுமைதான் இருந்தது. அந்தச் சாக்கெட்டில் அதற்கு முன் பல ஆண்டுகளாக விசிறியும் கணினியும் குறையின்றி ஓடி வந்தன!

இந்நிகழ்ச்சியின் பாடம் இதுவே: பேஸ் கம்பி அறுந்தால் விளக்கு அணையும், நியூட்ரல் அறுந்தாலும் விளக்கு அணையும், எர்த் கம்பி அறுந்தால் விளக்கு எரிந்துகொண்டேயிருக்கும். தான் இல்லை என்பதைத் தானாகத் தெரிவிக்காத கம்பி அது ஒன்றே. ஆதலால் அதை நாமே தேடிச் சென்று சோதிக்க வேண்டும்.

ஊர்திக்கு மட்டும் ஏன் தனிக் கவனம்?

ஊர்தியின் உடல் முழுவதும் இரும்பும் அலுமினியமும் ஆகும். அது நிற்பதோ ரப்பர்ச் சக்கரங்களின் மேல். உடலுக்குக் கசிந்த மின்சாரம் தரைக்கு இறங்க வழியின்றி அங்கேயே நிற்கும். ஈர மண்ணில் கால் ஊன்றியபடி முதலில் அதைத் தொடுபவரே அந்த மின்சாரத்திற்கு வழியாகிவிடுகிறார். ஊர்தியின் உள்ளே இருப்பவருக்கு இது தெரியாது. அவருடைய கையும் காலும் ஒரே உலோகத்தின் மேல் இருப்பதால் அவர் வழியே மின்சாரம் பாய்வதில்லை. "எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்று அவர் கூறுவது உண்மையாக இருக்கலாம். ஆனால் அது சான்றாகாது.

நமக்கு வீடுகளில் வரும் மின்சாரம் 230 வோல்ட் அழுத்தமுள்ளது. கேபிளில் மூன்று கம்பிகள் இருத்தல் வேண்டும். மின்சாரத்தைக் கொண்டுவருவது பேஸ். திருப்பிக் கொண்டுசெல்வது நியூட்ரல். கசிவைத் தரைக்குக் கொண்டுசெல்வது எர்த். வளையக்கூடிய கேபிளில் பேஸ் பழுப்பு நிறமாகவும், நியூட்ரல் இளநீல நிறமாகவும், எர்த் பச்சையும் மஞ்சளும் கலந்ததாகவும் இருக்கும். சாக்கெட்டை நேருக்கு நேர் பார்த்தால், மேலேயுள்ள பெரிய துளை எர்த், வலப்புறம் பேஸ், இடப்புறம் நியூட்ரல்.

எர்த் மட்டும் போதுமா?

"ஊர்திக்குப் பக்கத்தில் ஓர் இரும்புக் கம்பியை அடித்து இணைத்துவிட்டால் போதாதா?" என்று சிலர் கேட்கின்றனர். கணக்குப் போட்டுப் பார்ப்போம். அவ்வாறு அடித்த கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே 100 ஓம் தடை இருப்பதாகக் கொள்வோம். பேஸ் கம்பி ஊர்தியின் உடலை முழுவதுமாகத் தொட்டுவிட்டாலும், 230-ஐ 100-ஆல் வகுக்க, 2.3 ஆம்பியர் மின்சாரமே மண்ணுக்குள் செல்லும். 16 ஆம்பியருக்கு மேல் போனால் விழ வேண்டிய எம்.சி.பி. சுவிட்சு இதைப் பொருட்படுத்தாது. ஊர்தியின் உடலில் மின்சாரம் நிலைத்து நிற்கும்.

இக்குறையைத் தீர்ப்பது மின்கசிவுத் தடுப்பான். கடைகளில் இதை ஆர்.சி.சி.பி. என்பர். பேஸில் சென்ற மின்சாரம் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று இது இடைவிடாது ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். 30 மில்லி ஆம்பியர், அதாவது ஓர் ஆம்பியரில் நூற்றில் மூன்று பங்கு, குறைந்தாலும் நொடிப்பொழுதில் இணைப்பைத் துண்டித்துவிடும். மேற்சொன்ன 2.3 ஆம்பியர் இதற்கு மிகப் பெரிய கசிவாகும். எனவே நல்ல எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் தடுப்பானும் ஆகிய இரண்டும் வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

கோளாறைத் தேடும் வரிசை

ஊர்தியில் மின்சாரம் சரியாக இல்லையென்றால், ஊர்தியைத் திறந்து பார்ப்பதில் தொடங்குதல் கூடாது. வாய்க்காலில் தண்ணீர் வரவில்லையென்றால் மதகிலிருந்து வயல் வரை நடந்து பார்ப்பது போல, மின்சாரம் புறப்படும் இடத்திலிருந்து வரிசையாக வர வேண்டும்: முதலில் கட்டடத்தின் மெயின் சுவிட்சு, அடுத்துச் சாக்கெட், அடுத்துக் கேபிளும் அதன் இருமுனைப் பிளக்குகளும், அடுத்து ஊர்தியின் நுழைவு இணைப்பும் அதன் சுவிட்சுப் பலகையும், கடைசியாக உள்ளே இருக்கும் ஒவ்வொரு கருவி.

பஞ்சாயத்து அங்கத்தினரோ அலுவலகப் பணியாளரோ செய்யத் தக்கவை நான்கு: கண்ணால் பார்த்தல், சுவிட்சை நிறுத்துதல், நிறுத்திய பின் பிளக்கைக் கழற்றுதல், தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்துதல். சாக்கெட்டைக் கழற்றுவதும், சோதனை விளக்கு வைத்துப் பார்ப்பதும், கம்பியை மாற்றுவதும் உரிமம் பெற்ற மின்கம்பியாளரின் வேலையாகும். இனி, அறிகுறிகளை ஒவ்வொன்றாகக் காண்போம்.

1. மின்சாரம் அறவே வரவில்லை: கட்டடத்தில் மற்ற விளக்குகள் எரிகின்றனவா என்று பார்க்க. எரிந்தால் அந்தச் சாக்கெட்டின் எம்.சி.பி.யோ பியூஸோ விழுந்திருக்கலாம். அதுவும் சரியாக இருந்தால் கேபிளின் பிளக்கு அருகே பார்க்க. அடிக்கடி வளைவதால் கம்பி அங்கேதான் உள்ளுக்குள் அறுந்துபோகும். டெஸ்டர் மினுங்குவதை மட்டும் நம்பலாகாது. அது மிகச் சிறிய மின்சாரத்திலும் மினுங்கும். நியூட்ரல் அறுந்திருந்தால், சுமை இணைந்துள்ள நிலையில், பேஸ், நியூட்ரல் இரண்டிலும் மினுங்கும்.

2. விளக்கு மங்குகிறது, குளிர்பதனப் பெட்டி உறுமுகிறது, ஓடவில்லை: இது கேபிளின் குறையாக இருக்கக்கூடும். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிள் 50 மீட்டர் நீளம் இருந்தால், போக வர 100 மீட்டர். அதன் தடை ஏறத்தாழ 1.3 ஓம். 15 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே சுமார் 20 வோல்ட் குறைந்துவிடும். கிராமத்தில் மாலை வேளையில் 205 வோல்ட்டே வருமானால், ஊர்திக்குக் கிடைப்பது 185 வோல்ட்தான். 4 சதுர மில்லிமீட்டர் கேபிளாக இருந்தால் குறைவு 8 வோல்ட்டுக்குள் அடங்கும். மேலும், மீதிக் கேபிளை உருளையில் சுற்றியபடியே விடலாகாது. உள்சுற்றுகளின் வெப்பம் வெளியேறாமல் உறை உருகும். முழுவதையும் விரித்துப் போட வேண்டும்.

3. எம்.சி.பி. விழுகிறது: போட்ட கணத்திலேயே விழுந்தால் கம்பிகள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று பொருள். சில நிமிடங்கள் ஓடிய பின் விழுந்தால் சுமை மிகுதி என்று பொருள். 16 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 230 பெருக்கல் 16, அதாவது 3,680 வாட். 6 ஆம்பியர் சாக்கெட் தாங்குவது 1,380 வாட் மட்டுமே. ஊர்தியின் ஏ.சி. 1,500 வாட், மின் கெண்டி 1,500 வாட், பிற கருவிகள் 800 வாட் என்றால், கூட்டினால் 3,800 வாட் ஆகிறது. எம்.சி.பி. விழுவது நியாயமே. அதற்காக அதிக ஆம்பியர் எம்.சி.பி. பொருத்துவதும், பியூஸில் தடித்த கம்பி கட்டுவதும் தீயை அழைப்பதாகும். கெண்டியை நிறுத்துவதே பரிகாரம்.

4. மின்கசிவுத் தடுப்பான் விழுகிறது: இதைத் தொல்லை என்று கருதி இணைப்பை விட்டு விலக்குவோர் உண்டு. அது நாய் குரைக்கிறது என்பதற்காக நாயைக் கட்டிப்போட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். ஊர்தியின் எல்லாக் கருவிகளையும் பிளக்கிலிருந்து கழற்றிவிட்டு, ஒவ்வொன்றாக மாட்டி வர வேண்டும். எதை மாட்டும்போது விழுகிறதோ அதில் கசிவு உள்ளது. எதையும் மாட்டாத நிலையிலும் விழுந்தால், ஊர்தியின் பக்கத்திலிருந்து கேபிளைக் கழற்றிப் பார்க்க. அதன் பின் நின்றால் குறை ஊர்தியின் வயரிங்கில். நில்லாவிட்டால் கேபிளில் அல்லது கட்டடத்தில். மழை நாட்களில் மட்டும் விழுந்தால், தரையில் கிடக்கும் இணைப்பில் ஈரம் புகுந்திருக்கும். ஊர்தியின் ஜெனரேட்டரிலோ இன்வர்ட்டரிலோ நியூட்ரலும் எர்த்தும் இணைக்கப்பட்டிருந்து, வெளி மின்சாரம் வரும்போது அந்த இணைப்பு விலகாவிட்டாலும் தடுப்பான் விழும். இது மின்கம்பியாளர் கவனிக்க வேண்டியது.

5. விளக்குகள் சில மிகப் பிரகாசமாகவும் சில மங்கலாகவும் எரிகின்றன: மூன்று பேஸ் வரும் கட்டடத்தில் நியூட்ரல் தளர்ந்துவிட்டதற்கு இது அடையாளம். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில் அதைவிட மிக அதிகமான அழுத்தம் வந்து கருவிகள் எரிந்துபோகும். உடனே மெயினை நிறுத்தி மின்வாரியத்திற்குச் சொல்ல வேண்டும்.

6. ஊர்தியைத் தொட்டால் விறுவிறுப்பு: இதற்கு ஆராய்ச்சி பின்னர், செயல் முதலில். ஒருவரும் ஊர்தியைத் தொடாதபடி விலக்கி, கட்டடத்தில் சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்ற வேண்டும். ஊர்தியின் உள்ளே இருப்பவர்கள் மின்சாரம் நிற்கும் வரை இறங்காமல் இருத்தல் நன்று. இலேசான விறுவிறுப்பானாலும் அது எர்த் இல்லை என்பதற்கான அறிவிப்பாகும். மின்னணுக் கருவிகளிலிருந்து எப்போதும் சிறிது கசிவு இருக்கும். எர்த் இருந்தால் அது எவருக்கும் தெரியாமல் தரைக்குப் போய்விடும். அது தெரிகிறதென்றால் வழி அடைபட்டுள்ளது. அதே நாளில் ஒரு பெருங்கசிவு நேர்ந்தால் விறுவிறுப்போடு நில்லாது, உயிர் போகும்.

செய்யத் தகாதவை

மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை ஒடித்து இரண்டு துளைச் சாக்கெட்டில் சொருகுதல் கூடாது. எர்த் இல்லாத சாக்கெட்டில், மேல் துளையை நியூட்ரலோடு இணைத்துச் சமாளிக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. இது எல்லாவற்றிலும் கொடியது. நியூட்ரல் எங்கேனும் அறுந்தால், ஊர்தியின் உடல் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும்; அப்போது குறையே இல்லாத கருவியும் உயிர் வாங்கும்.

தெரு விளக்குக் கம்பியில் கொக்கி மாட்டி இழுப்பது குற்றமும் ஆபத்தும் ஆகும். விவசாய இலவச மின் இணைப்பை இதற்குப் பயன்படுத்துவதும் விதிமீறலே. மேலும், பம்புசெட்டு ஸ்டார்ட்டரில் ஏதேனும் இரு கம்பிகளை எடுத்தால் அவை இரண்டு பேஸாக அமைந்து, 230-க்குப் பதில் 400 வோல்ட்டுக்கு மேல் ஊர்தியில் பாயும். இருபுறமும் ஆண் பிளக்கு வைத்த கேபிளைக் கையாலும் தொடலாகாது. ஒரு முனை சாக்கெட்டில் இருக்கும்போது மறு முனையின் ஊசிகள் வெளிப்படையாக மின்சாரம் ஏந்தி நிற்கும். ஊர்தியின் ஜெனரேட்டரும் வெளி மின்சாரமும் ஒருபோதும் ஒன்றுசேராதபடி, இருவழி மாற்றுச் சுவிட்சு மூலமே இணைக்கப்பட வேண்டும்.

மாட்டும்போது முறை இது: சாக்கெட்டின் சுவிட்சை நிறுத்துக, கேபிளை விரிக்க, ஊர்தியின் பக்கம் முதலில் மாட்டுக, பின்னர் கட்டடத்தின் பக்கம், கடைசியில் சுவிட்சைப் போடுக. கழற்றும்போது சுவிட்சை நிறுத்திய பின் கட்டடத்தின் பக்கம் முதலில்.

மின்சாரம் தாக்கி ஒருவர் வீழ்ந்தால் கையால் இழுக்க முயலாது, முதலில் மின்சாரத்தை நிறுத்துக. நிறுத்த இயலாதெனில் காய்ந்த மரக்கட்டையால், உலர்ந்த பலகையின் மேல் நின்று விலக்குக. 108 ஊர்தியை அழைக்க ஒருவரை ஏவி, மூச்சும் அசைவும் இல்லையெனில் மார்பின் நடுவில் இரு கைகளாலும் வலுவாக, நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை அழுத்தி வருக. உதவி வரும் வரை நிறுத்தலாகாது.

பஞ்சாயத்து செய்ய வேண்டுவது

வெளிநாடுகளில் வீட்டு வசதியுள்ள சுற்றுலா ஊர்திகள் தங்கும் மைதானங்களில், ஊர்திக்கென்றே தனி மின்முனைக் கம்பங்கள் நிறுத்தியிருப்பர். நாமும் பஞ்சாயத்து அலுவலகத்தின் வெளிச்சுவரில் அத்தகைய முனை ஒன்றை அமைக்கலாம். அதற்கு வேண்டியவை: மழை புகாத, மூடியுள்ள நீலநிறத் தொழிற்சாலைச் சாக்கெட் 16 ஆம்பியரில் ஒன்று, 16 ஆம்பியர் எம்.சி.பி. ஒன்று, 30 மில்லி ஆம்பியர் தடுப்பான் ஒன்று, இவற்றை அடக்கும் பூட்டுள்ள பெட்டி, 4 சதுர மில்லிமீட்டர் மூன்று கம்பிக் கேபிள், நல்லதோர் எர்த் குழி. குழியில் புதைக்கும் துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் இரண்டரை மீட்டர் நீளமுள்ளதாக இருத்தல் வேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் இட்டு, கோடையில் அவ்வப்போது நீர் ஊற்றி வர வேண்டும். அலுவலகத்திற்கு அனுமதிக்கப்பட்ட மின்சுமைக்குள் இது அடங்குமா என்பதை மின்வாரியத்தில் கேட்டறிந்து, தேவையானால் சுமையைக் கூட்டிப் பெறுதல் முறையாகும்.

அமைப்பதோடு கடமை தீர்ந்துவிடாது. மாதந்தோறும் தடுப்பானின் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது விழுகிறதா என்று பார்த்து ஒரு நோட்டில் குறிக்க வேண்டும். இப்பொத்தான் தடுப்பானை மட்டுமே சோதிக்கும், எர்த்தைச் சோதிக்காது. ஆகவே ஆண்டுக்கு ஒரு முறை, வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாகப் புரட்டாசியிலேயே, மின்கம்பியாளரைக் கொண்டு எர்த்தை அளந்து அந்த அளவையும் நோட்டில் எழுதிவைக்க வேண்டும்.

மேலே கூறிய சிற்றூரின் பஞ்சாயத்து, அம்முகாம் நடந்த மறுமாதமே இதற்குத் தீர்மானம் நிறைவேற்றியது. அதன் பின் அங்கு வந்த ஊர்திகள் யாவும் புதிய முனையிலிருந்தே மின்சாரம் பெற்றன. அன்று கையை இழுத்துக்கொண்ட மூதாட்டி அடுத்த முகாமுக்கும் வந்தார். படியில் கால் வைக்குமுன், "இப்போ தொடலாமா தம்பி?" என்று கேட்டே கம்பியைப் பற்றினார். அவர் கேட்டது சரியான கேள்வி. அந்தக் கேள்விக்கு விளக்கு எரிவதைக் காட்டி விடை சொல்லாமல், எர்த்தை அளந்து எழுதிய நோட்டைக் காட்டி விடை சொல்லும் நிலையில் ஒவ்வொரு பஞ்சாயத்தும் இருத்தல் வேண்டும்.